எதிர்க்கரையில் உட்கார்ந்து எழுதுங்கள்: வெளியுறவுத் திட்டம் போடப் புதிதாக வருகிறவர்களுக்கு

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் நின்று செல்போனை எடுத்துப் பார்த்தால் கடிகாரம் சரியாக இருக்கும், சிக்னல் மட்டும் சில நேரம் இலங்கைக்குப் போயிருக்கும். அந்தப் பக்கம் தலைமன்னார், முப்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். வெளியுறவு என்பது டெல்லியில் கோட்டு போட்டவர்கள் பேசிக்கொள்ளும் சங்கதி என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைக்கலாம், எங்களுக்கு அந்த வசதி கிடையாது. படகைப் பிடித்துவிட்டார்கள் என்று ஊருக்குள் தகவல் வந்த ராத்திரியே அது வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் கொஞ்சம் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சி நடத்துகிறேன். ஒரு வளரும் நாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், தானே அதன் வெளியுறவு அமைச்சர் என்று வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த ஐந்து ஆண்டுக்கான திட்டத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும். முதல் தடவை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்: அனைத்து நாடுகளுடனும் நட்பு, உலக அமைதி, வர்த்தக மேம்பாடு, பருவநிலை மாற்றத்தில் கவனம். நாட்டின் பெயரை அழித்துவிட்டு அங்கே பூட்டான் என்றோ கென்யா என்றோ எழுதினாலும் அந்தத் தாள் அப்படியே பொருந்தும். அப்படிப் பொருந்துகிற தாளை நான் திருத்துவதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அதனால் இப்போதெல்லாம் ஒரு நிபந்தனை. நாடு இலங்கை, எழுதுகிறவர் நம் கடற்கரைக்காரர். சிறிய நாடு, கடன்பட்ட நாடு, பக்கத்தில் ஒரு பெரிய நாடு, சுற்றிலும் கடல், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று ஒரு வளரும் நாட்டுக்கு இருக்கும் தலைவலி எல்லாமே அதற்கு இருக்கிறது. இன்னொரு காரணத்தைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்வதில்லை: அந்த நாற்காலியில் உட்கார்ந்து நேர்மையாக எழுதினால் நம் வீட்டுப் படகுக்கு எதிராகவே ஒரு வரி எழுத வேண்டிவரும். கையெழுத்து நடுங்குகிற அந்த இடத்துக்கு வராமல் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் வீட்டுக் கணக்கு

உலக வரைபடத்தை ஓரமாக வையுங்கள். அந்த நாட்டின் மத்திய வங்கி ஆண்டறிக்கையையும் பட்ஜெட்டையும் எடுங்கள், இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, டாலர் எங்கிருந்து வருகிறது என்று இடப்பக்கமும் எங்கே போகிறது என்று வலப்பக்கமும் எழுதுங்கள். இலங்கைக்கு இடப்பக்கம் வருபவை ஆயத்த ஆடை, தேயிலை, சுற்றுலா, வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணம், கொழும்புத் துறைமுகம். வலப்பக்கம் எண்ணெய், மருந்து, துணி, இயந்திரம், கடன் தவணை.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு நாட்டின் பெயரைப் போடுங்கள். இங்கேதான் வெளியுறவு தொடங்குகிறது. ஆயத்த ஆடைக்கு எதிரே அமெரிக்கா வரும், தனி நாடாக இலங்கையின் மிகப் பெரிய சந்தை அதுதான். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்ததும் கொழும்பில் ஏன் அத்தனை பதற்றம், பேசிப் பேசி அதை 20க்குக் கொண்டுவர ஏன் அத்தனை ஓட்டம் என்பது இந்த ஒரு வரியைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சலுகையை மனித உரிமைக் காரணங்களால் 2010இல் இழந்து 2017இல்தான் இலங்கை திரும்பப் பெற்றது, ஆக ஜெனீவா ஐ.நா. கூட்டத்தில் மனித உரிமை பற்றி என்ன பேசுகிறோம் என்பதும் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணின் சம்பளமும் ஒரே நூலில் கட்டியிருக்கின்றன. கொழும்புத் துறைமுகத்துக்கு எதிரே இந்தியாவைப் போடுங்கள், அங்கே கப்பல் மாற்றி ஏற்றும் பெட்டிகளில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறந்தாகிவிட்டது. அந்தச் சரக்கு இனியும் கொழும்புக்கு வருமா என்று அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.

இந்தத் தாள் இல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரல் சாட்சி. வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்த மாதம் அது. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற சனங்களில் சிலர் படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கினார்கள். கைக்குழந்தையோடு நின்றவர்களை நம் ஊர்க்காரர்களே பார்த்தார்கள்.

பக்கத்து வீடு, அதுவும் காகிதத்தோடு

அடுத்த வேலை அண்டை நாடு. தூரத்து வல்லரசுகளைப் பற்றி எழுதத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது, ஆனால் எந்தச் சிறிய நாட்டின் அமைச்சகத்துக்கும் பொழுது அதிகம் போவது பக்கத்து வீட்டோடுதான். இதில் ஒரே ஒரு விதி: செய்தித்தாளை நம்பாமல் ஒப்பந்தத்தின் மூலப் பிரதியைப் படியுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும், தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

கச்சத்தீவையே எடுத்துக்கொள்வோம். 285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லாத தீவு. அதை இலங்கைப் பக்கம் சேர்த்த 1974 ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே அங்கே போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. 6ஆவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் கடற்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. ‘கலங்கள்’ என்றுதான் இருக்கிறது, ‘மீன்பிடி’ என்ற சொல்லை இரண்டு பிரிவிலும் தேடிப் பாருங்கள். நம் தரப்பு அதில் மீன்பிடி உரிமையும் அடக்கம் என்று படிக்கிறது, எதிர்த் தரப்பு போய்வருவதோடு சரி என்று படிக்கிறது. பிறகு 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்தபோது இரு வெளியுறவுச் செயலாளர்களும் மாற்றிக்கொண்ட கடிதம் ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டின் மீன்பிடிப் படகும் மீனவரும் மற்ற நாட்டின் கடலில் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதியாயிற்று. மேடையில் 1974 பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்தக் கடிதத்தைத் தொடுவதே இல்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் என்ற வளமான மீன்மேடு இந்தியாவுக்கு என்று உறுதியானதும் அதே 1976 ஏற்பாட்டில்தான் என்பதைப் படித்ததும் வகுப்பில் ஒரு பெண் ‘அப்ப குமரி மாவட்டத்துக்கு லாபம், நமக்கு நட்டமா சார்’ என்று கேட்டாள். அவள் தாளில் நான் அன்றைக்கே நல்ல மதிப்பெண் போட்டுவிட்டேன், திட்டம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நாடு லாபம் அடைந்தது என்று சொல்லும்போது அந்த நாட்டுக்குள்ளேயே யாருக்கு, யார் தலையில் என்று பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

காகிதம் படித்தாயிற்று, அடுத்து ஆளைப் பாருங்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஒரு வருடம் போயிருந்தேன். பெயர் பதிந்து, சோதனை முடிந்து, படகுகள் வரிசையாகப் புறப்பட்டுப் போகும். இரு கரைச் சனமும் ஒரே மணலில் உட்கார்ந்து சாப்பிடும் ராத்திரி அது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்னார்த் தீவின் பேசாலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சோப்பும் தைலமும் விலை விசாரித்துக்கொண்டிருந்தவர், நான் ராமேஸ்வரம் பக்கம் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: ‘தம்பி, குறை நினைக்காதேங்கோ. உங்கட ரோலர் வந்து போன அடுத்த நாள் நாங்கள் வலை எடுக்கப் போறதில்லை, பொறுக்கத்தான் போறது.’ ரோலர் என்று அவர்கள் சொல்வது நம் விசைப்படகைத்தான். போர் நடந்த காலமெல்லாம் கடலுக்குப் போக விடாமல் தடுக்கப்பட்டவர்கள் 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை போட்டிருக்கிறார்கள், அந்த வலையை, கடலடியை வாரிக்கொண்டு போகும் நம் இழுவை மடி அறுத்துக்கொண்டு போகிறது. அவர் பேசியது நம் தமிழ், கும்பிட்டது நம் அந்தோணியார். சரி, இதை வைத்துக்கொண்டு இலங்கை வெளியுறவு அமைச்சர் என்ன எழுதுவார்?

எழுத வேண்டியதை இலங்கை எழுதிவிட்டது. 2017இல் அடிமட்ட இழுவை மடியைத் தன் கடலில் சட்டம் போட்டுத் தடை செய்தது, அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. இப்போது பிடிபட்டால் பெரும்பாலும் ஆள் வந்துவிடுவார், படகு வராது. என் சித்தப்பா டிரைவராகப் போய்க்கொண்டிருந்த படகும் அப்படி அந்தப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் மழையில் நனைந்து, சாய்ந்து, உடைந்து முடிந்தது. அவர் திரும்பி வந்த பிறகு எந்த அலுவலகத்தில் எதற்கு மனு கொடுப்பது என்று நாங்கள் அலைந்ததைத் தனியாக எழுத வேண்டும். ஒரு மேசையில் ‘இது எங்க துறை இல்ல’ என்றார்கள், அடுத்த மேசையில் முதல் மேசைக்கே அனுப்பினார்கள்.

நம் பக்கத்து நியாயத்தையும் அந்தத் திட்டத்தில் எழுதத்தான் வேண்டும், எதிராளியின் நிர்ப்பந்தம் தெரியாமல் பேரம் பேச முடியாது. பாக் நீரிணை குறுகல், எல்லை வெகு பக்கம், ராமேஸ்வரம் ஜெட்டியில் டோக்கன் வாங்கிப் புறப்படும் விசைப்படகுக்குக் கரையோரக் கடலில் போதிய மீன்பாடு இல்லை, டீசல் காசுகூடக் கட்டாது. 2015 மார்ச்சில் சென்னையில் இருநாட்டு மீனவர்கள் உட்கார்ந்து பேசியபோது நம் தரப்பு ஆண்டுக்கு 83 நாள் வீதம் மூன்று ஆண்டுக்கு அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை. 2017இல் இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் சூரைப் படகு வாங்க 80 லட்ச ரூபாய்த் திட்டம் வந்தது, அதில் 70 சதவீதம் அரசு மானியம். மிச்சம் முப்பது சதவீதத்தைப் புரட்ட முடியாதவர்களும், பகலில் போய் மறுநாள் திரும்பிப் பழகிவிட்டு வாரக்கணக்கில் கடலில் கிடக்க மனமில்லாதவர்களும் நிறையப் பேர்.

ஒரே பிராணிக்கு இரண்டு சட்டம் இருப்பதையும் கவனியுங்கள். கடல் அட்டையை 2001இலிருந்து இந்தியாவில் பிடிக்கவே கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது. அந்தப் பக்கம் உரிமம் வாங்கினால் பிடிக்கலாம், வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். நடுவில் முப்பது கிலோமீட்டர் கடல். கடத்தல் நடக்காமல் எப்படி இருக்கும்? இந்த மாதிரி இரண்டு சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடுக்குகளைப் பட்டியல் போடுவது அண்டை நாட்டுப் பகுதியில் மிகப் பயனுள்ள வேலை, பெரிய தகராறு தீராத போதும் இவற்றில் இரண்டு மூன்றைத் தீர்த்துவிடலாம்.

யாரைக் கேட்டு முடிவெடுத்தீர்கள்

இதை நான் தனிப்படியாக வைத்ததற்கு மண்டபம் முகாம்தான் காரணம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போகிறவர்களை மருத்துவச் சோதனைக்கு நிறுத்தி வைத்த இடம், பின்னாளில் அகதிகள் தங்கும் இடம். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று. பத்து ஆண்டு கழித்து இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு அரசுகளுக்கும் அது நல்லுறவின் அடையாளம். அந்தச் சனங்களைக் கேட்டுவிட்டுப் போட்ட கணக்கு இல்லை அது. கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கிய குடும்பங்களில் பிறந்ததிலிருந்து இந்தியாவையே பார்க்காதவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே உங்கள் திட்டத்தின் ஒவ்வொரு முன்னுரிமைக்கும் கீழே, இது யாரைத் தொடும், அவர்களிடம் எப்போது, எங்கே, எந்த மொழியில் பேசினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லை என்றால் வெற்றிடமாகவே விடுங்கள், பொய் எழுதாதீர்கள்.

மூன்று குவியல்

இப்போது கையில் நிறையச் சேர்ந்திருக்கும். ஏலத்துக்கு முன்னால் மீனைத் தரம் பிரிப்பது மாதிரி மூன்று குவியலாகப் பிரியுங்கள். எந்த விலைக்கும் கொடுக்காதது, விலை சரியாக இருந்தால் கொடுப்பது, இந்த ஐந்து ஆண்டில் தொடவே போவதில்லை என்பது. முதல் குவியலில் மூன்றுக்கு மேல் போனால் நீங்கள் பிரிக்கவே இல்லை என்று அர்த்தம். மூன்றாவது குவியல்தான் புதியவர்களுக்குக் கஷ்டம், எதையாவது விட்டுவிட்டோம் என்று யாராவது கேட்பார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் முதல் இரண்டில் அள்ளிப் போடுகிறார்கள்.

முதல் குவியலை வெளிப்படையாகச் சொல்லிவிடும் நாடும் உண்டு. ராணுவக் கூட்டணியில் சேர மாட்டோம், ஒரு நாட்டுக்கு எதிராக இன்னொரு நாட்டோடு நிற்க மாட்டோம், அந்நியத் தளத்துக்கு இடம் தர மாட்டோம், பலத்தைக் காட்டி மிரட்ட மாட்டோம் என்று வியட்நாம் தன் 2019 பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில் நான்கு ‘மாட்டோம்’ எழுதி வைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க அதிபர், டிசம்பரில் சீன அதிபர், 2024 ஜூனில் ரஷ்ய அதிபர் என்று வரிசையாக ஹனோய்க்கு வந்துபோனார்கள். என்ன கேட்டால் கிடைக்காது என்பது முன்கூட்டியே தெரிந்ததால் மற்றதைப் பேச வந்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

இரண்டு பெரியவர்களுக்கு நடுவே

சீனாவா, இந்தியாவா, அமெரிக்காவா என்ற கேள்வியைப் பிள்ளைகள் கிரிக்கெட் டீம் மாதிரிப் பிடித்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் நிதானம். 1952இல் இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு, ரப்பர் விலை சரிவு. கம்யூனிஸ்ட் சீனாவோடு ரப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் போட்டது, அதுவும் அமெரிக்காவுக்குச் சாய்வான ஓர் அரசு. அமெரிக்க உதவி நின்றது. இலங்கைக்கும் சீனாவுக்கும் முறையான தூதரக உறவே 1957இல்தான் ஏற்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கொள்கைக்கு முன்னால் சோற்றுப்பானை நின்றது.

இலங்கையின் தென்கரையிலுள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை, 112 கோடி டாலர். ‘கடனுக்குத் துறைமுகத்தை எழுதி வாங்கிவிட்டார்கள்’ என்று டீக்கடையில் சொல்வது பாதிதான் உண்மை. அந்தப் பணம் கடனைக் கழிக்கவில்லை, டாலர் கையிருப்புக்குப் போனது. துறைமுகத்துக்கு வாங்கிய கடனை இலங்கை அரசுதான் தொடர்ந்து கட்ட வேண்டியிருந்தது. 2022இல் கழுத்தை நெரித்ததில் சர்வதேசப் பத்திரச் சந்தையில் வாங்கிய கடனின் பங்கு சீனக் கடனைவிடப் பெரிது. அந்த ஆண்டு சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு இந்தியா கைகொடுத்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது, டெல்லி முகம் சுளித்தது. பிறகு 2024 முழுவதும் எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதியில்லை என்று இலங்கை அறிவித்தது. எந்த நாட்டின் பெயரையும் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கதவைச் சாத்துவது, சிறிய நாட்டுக்காரர் கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை.

நம் ஊரில் இது புதிதும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் எதிர்க்கரையைப் பிடித்துவிட்ட பிறகு ராமநாதபுரம் சேதுபதிகள் அவர்களோடு ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள், சண்டையும் போட்டார்கள். பீரங்கிக் கப்பல் அவர்களிடம், பாம்பன் கால்வாய் இவர்களிடம். அந்தச் சின்ன வாய்க்கால்தான் மறவர் சீமையின் முழுப் பேரம். உங்கள் நாட்டின் பாம்பன் கால்வாய் எது என்று கண்டுபிடித்துத் திட்டத்தில் ஒரு பத்தி எழுதுங்கள்.

ஆள் பலம் இல்லாதவர்களுக்குச் சட்டமும் கூட்டமும்

மால்டா சுதந்திரம் வாங்கி மூன்றே ஆண்டு ஆகியிருந்தபோது, 1967 நவம்பரில் அதன் தூதர் ஆர்விட் பார்டோ ஐ.நா.வில் எழுந்து, ஆழ்கடலின் அடித்தளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று பேசினார். அந்தப் பேச்சு கிளப்பியதுதான் கடைசியில் 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் போய் முடிந்தது. நம் மீனவர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கும் 12 மைல், 200 மைல் எல்லாம் அதிலுள்ளவை. அதே உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டு வங்கதேசம் 2009இல் மியான்மர், இந்தியா இரண்டு பேரையும் சேர்த்தே வழக்குக்கு இழுத்தது. 2012இல் ஒரு தீர்ப்பு, 2014இல் இன்னொன்று. இந்தியாவோடு தகராறாக இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது, இந்தியாவும் ஏற்றுக்கொண்டது, உறவும் கெடவில்லை. அடுத்த ஆண்டே நில எல்லை ஒப்பந்தமும் நிறைவேறியது. தகராறு என்றால் உறவை முறித்துக்கொள்வதுதான் என்று நினைக்கிறவர்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

வனுவாட்டு இன்னும் சுவாரசியம். தென் பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 2019இல் வகுப்பறையில் கிளப்பிய யோசனையை அந்தக் குட்டி நாடு எடுத்துக்கொண்டு, மற்ற நாடுகளைக் கூட்டிச் சேர்த்து, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானமாக்கியது. பருவநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. மண்டபத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது மட்டும் யாரும் செல்போனை நோண்டுவதில்லை.

தூதரகம் எத்தனை, காசு எவ்வளவு

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் இது சலிப்பான கணக்கு, ஆனால் போட்டே ஆக வேண்டும். ஒரு தூதரகம் என்றால் வாடகை, சம்பளம், பள்ளிக் கட்டணம், கார். பூட்டான் ஒரு சில தலைநகரங்களில் மட்டுமே தூதரகம் வைத்துக்கொண்டு, ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர் ஒருவரோடும் முறையான தூதரக உறவு இல்லாமலே நடத்திக்கொண்டிருக்கிறது. எல்லா நாடும் அப்படி இருக்க முடியாது. உங்கள் சனம் எங்கே வேலை செய்கிறதோ, உங்கள் பொருள் எங்கே விற்கிறதோ, கடன் கொடுத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே முதலில் ஆளைப் போடுங்கள். எதிராளி எங்கே ஆள் போட்டிருக்கிறார் என்பதும் ஒரு தகவல்தான்: 2010 நவம்பரில் இந்தியா யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகம் திறந்தது. தமிழர் ஒரு கவலை, சீனா இன்னொரு கவலை.

சனம் வேலை செய்யும் இடம் என்றேன். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைக் காட்டுங்கள் பார்க்கலாம். 1990இல் ஈராக் படையெடுத்தபோது குவைத்திலிருந்து சுமார் 1,70,000 இந்தியர்களை அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்த கதையை அந்த வீடுகளில் கேளுங்கள், தூதரகம் எதற்கு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேலைக்கு ஆள் அனுப்புவதையே பேரமாக்கிய நாடும் உண்டு. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு நடந்த கொடுமைகளால் பிலிப்பைன்ஸ் 2018 பிப்ரவரியில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது, வேலைக்காரர்களின் பாஸ்போர்ட்டும் செல்போனும் அவர்கள் கையிலேயே இருக்கும் என்று மே மாதம் ஒப்பந்தம் எழுதி வாங்கிய பிறகுதான் திறந்துவிட்டது.

எழுதும்போது

கடைசியாகத் தாளில் இறக்கும் வேலை. ஒரு முன்னுரிமைக்கு அரைப் பக்கம், அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். ‘வலுப்படுத்துவோம்’, ‘மேம்படுத்துவோம்’, ‘ஊக்குவிப்போம்’ மூன்றையும் அடித்துவிடுங்கள். யார், எதை, எந்த மாதத்துக்குள், எவ்வளவு செலவில், பதிலுக்கு எதைக் கொடுத்து என்று எழுதுங்கள். எதிராளி முடியாது என்று சொன்னால் மறுநாள் காலை என்ன செய்வோம் என்பதற்கு ஒரு வரி வையுங்கள், ஆட்சி மாறினால் எது நிற்கும், எது போகும் என்பதற்கும் ஒரு வரி. 2019இல் இந்தியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து நடத்துவதாகப் பேசிய கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையத்தை 2021 பிப்ரவரியில் இலங்கை கைவிட்டதே, துறைமுகத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்புதான் அதற்குப் பெரிய காரணம். உள்ளூர்த் தொழிற்சங்கத் தலைவர் பெயர் வராத வெளியுறவுத் திட்டம் எனக்குச் சந்தேகமாகவே இருக்கும்.

எழுதி முடித்ததும் யாரைத் தொடுகிறதோ அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். போன வருடம் ராமேஸ்வரத்து விசைப்படகு முதலாளியின் மகன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். இலங்கை அமைச்சராக அவன் எழுதிய முதல் வரியைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பகீர் என்றது: ‘இந்திய இழுவைப் படகுகள் இரண்டு ஆண்டுக்குள் நம் கடலில் முழுமையாக நிற்க வேண்டும், பதிலுக்கு, வலை அறுக்காத நாட்டுப்படகுகளுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாள் அனுமதி பற்றிப் பேசத் தயார், பிடித்து வைத்த படகுகளை அந்தப் பேச்சின் முதல் நாளிலேயே விடுவிப்போம்.’ இதை உங்க அப்பாகிட்டப் படிச்சுக் காட்டு என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். அப்பா ரெண்டு தடவை படிக்கச் சொன்னாராம். வெற்றிலையை மென்றுகொண்டே ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்புறம், ‘ரெண்டு வருசம் பத்தாதுடா, மூணுன்னு போடு’ என்றாராம்.

தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டை அடித்துவிட்டு இரண்டரை என்று எழுதியிருந்தான்.